தொட்டியில் ஒரு பாம்: குளிர்நாடுகள் கொடுத்த விலை



நம் அடுக்ககத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீடியோ காலில் பேசும்போது சோபாவுக்குப் பின்னால் ஒரு தொட்டியையும், அதில் தென்னங்கன்று மாதிரி ஒரு செடியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஓலை பச்சையாக நிற்கும். தென்னையும் பனையும் தானாக வளரும் மண்ணில் பிறந்த நமக்கு அது வெறும் அலங்காரம். ஆனால் அந்தச் செடி அந்த வரவேற்பறைக்கு வந்து சேர்ந்த கதை சில நூறு வருடக் கதை. அதில் அரசர்கள் வருகிறார்கள், வரி வருகிறது, 32 குதிரைகள் வருகின்றன, எலிகள் வருகின்றன, ஒரு போரும் வருகிறது.

வங்கியில் லெட்ஜர் புரட்டியே காலம் கழித்தவன் நான். எதைப் படித்தாலும் "இதற்குப் பணம் கட்டியது யார்?" என்ற கேள்விதான் முதலில் வரும். இந்தக் கதையையும் அந்தக் கண்ணோடுதான் சொல்லப்போகிறேன்.

மரத்தின் குணம்

தென்னை, பனை, கமுகு, ஈச்சை எல்லாம் ஒரே குடும்பம். நர்சரிக்காரர் சுருக்கமாக "பாம்" என்பார். நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. மாமரத்தில் ஒரு கிளை பட்டுப்போனால் வேறு கிளை தழைக்கும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. இருப்பது ஒரே குருத்து. குருத்து போனால் மரம் போனது. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையும்போது தோப்புக்காரர் பதறுவது அதனால்தான். குளிர்நாட்டில் அந்த வண்டின் வேலையை ஒரே ஒரு உறைபனி இரவு செய்துவிடும். பதினோரு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தாலும், கவனம் தவறிய ஓர் இரவு போதும்.

இன்னொரு குணமும் உண்டு. பாம் மரத்தைக் கத்தரித்துக் குள்ளமாக்க முடியாது. தலையை வெட்டினால் சாகும், விட்டால் உயரும். கூரை எவ்வளவு உயரமோ அதுவரைதான் அதன் ஆயுள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நல்ல குணமும் இல்லாமல் இல்லை. ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். அதனால் தொட்டியில் நெருக்கமாக வாழவும் முடியும், வளர்ந்த மரத்தையே பெயர்த்து வேறு இடத்தில் நடவும் முடியும். தொட்டிக்கு ஏற்ற வேர், தொட்டிக்கு ஏற்காத குருத்து. குளிர்நாட்டுக்காரர்கள் பட்ட பாடு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதல் வழி: மரத்தையே நகர்த்துவது

இத்தாலியில் படுவா நகரத்தில் 1545-இல் தொடங்கிய ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது. அங்கே 1585-இல் நட்ட ஒரு பாம் இன்றும் உயிரோடு நிற்கிறது. மத்தியதரைக் கடலோரத்தில் இயற்கையாகவே வளரும் குட்டை இனம் அது. ஜெர்மானியக் கவிஞர் கதே 1786-இல் அதைப் பார்த்து, அதன் ஓலைகள் வளர வளர உருவம் மாறுவதைக் கவனித்து, பிறகு தாவரங்களின் உருமாற்றம் பற்றி ஒரு நூலே எழுதினார். அதனால் அதற்குக் "கதே பாம்" என்றே பெயர். ஐரோப்பாவின் வெப்பமான மூலைக்குச் சொந்தமான மரம்தான். ஆனாலும் அதைச் சுற்றி ஒரு கண்ணாடி வீடு கட்டித்தான் காப்பாற்றி வருகிறார்கள்.

இன்னும் வடக்கே போனால் நட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதற்குப் பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயி கண்ட வழி, கோடையில் மரம் வெளியே, குளிர்காலத்தில் உள்ளே. வெர்சாய் அரண்மனையில் 1684-க்கும் 1686-க்கும் இடையில் ஒரு பிரம்மாண்டமான கூடம் கட்டினார்கள். கனத்த சுவர், தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள். அடுப்பு கிடையாது, வெயிலும் சுவரும் தரும் சூடு மட்டும். ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அவற்றோடு பாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இன்றும் ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே உள்ளே போய், கோடையில் வெளியே வருகின்றன.

அவர்கள் பயன்படுத்தும் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதுரமான மரப்பெட்டி, பக்கப் பலகைகளைக் கதவு போலத் திறக்கலாம். மரத்தை வெளியே இழுக்காமலே பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துப் புது மண் போடலாம், வேரையும் பார்க்கலாம். நம் மொட்டை மாடியில் வேர் சுற்றிப்போன தொட்டியை உடைத்துச் செடியை எடுப்பவர்களுக்கு இந்த யோசனையின் அருமை புரியும்.

ஆனால் இந்த வழி ஆரஞ்சுக்குப் போதும். உண்மையான வெப்பமண்டலப் பாம் மரத்துக்குப் போதாது. அதற்கு உறைபனி இல்லாமல் இருந்தால் மட்டும் பற்றாது, வருடம் முழுவதும் சூடு வேண்டும். தோல் பதனிடும் பட்டைத்தூளைக் குழியில் கொட்டி, அது புளிக்கும்போது எழும் சூட்டில் தொட்டிகளைப் புதைத்து வைத்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பட்டையும் அதன் வாசனையும் தெரிந்திருக்கும். சிறிய செடிக்கு அது சரி. கூரையைத் தொடும் மரத்துக்கு?

இரண்டாவது வழி: ஊரின் வெயிலையே கட்டுவது

இங்கேதான் வரி வருகிறது. இங்கிலாந்தில் 1745-இல் கண்ணாடிக்கு வரி போட்டார்கள், எடைக்கு இவ்வளவு என்று. கண்ணாடி கனமாக இருந்தால் வரியும் கனம். ஆகவே பெரிய கண்ணாடி வீடு என்பது கோடீசுவரர்களின் விளையாட்டாகவே இருந்தது. நூறு வருடம் கழித்து, 1845-இல் பிரதமர் ராபர்ட் பீலின் அரசு அந்த வரியை நீக்கியது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் கண்ணாடிக் குடில்கள் எப்படிப் பெருகின என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஒரு வரி ஒரு நாட்டின் தோட்டக்கலையையே கட்டிப்போட முடியும், அவிழ்த்துவிடவும் முடியும்.

செடி கப்பலில் உயிரோடு வருவதும் பெரும் பிரச்சினையாக இருந்தது. மாதக்கணக்கில் பயணம். உப்புக் காற்று ஒரு பக்கம், குடிநீர்த் தட்டுப்பாடு ஒரு பக்கம். மேல்தளத்தில் வைத்த செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே செத்தன. இதற்கு விடை கண்டவர் லண்டன் கிழக்குப் பகுதியில் வைத்தியம் பார்த்த டாக்டர் நதானியல் வார்ட். நிலக்கரிப் புகையில் அவருடைய பெரணிச் செடிகள் எல்லாம் கருகிக்கொண்டிருந்தன. 1829-இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். பூச்சிக்காக வைத்த மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன. தண்ணீர் ஊற்றவே இல்லை. மண்ணின் ஈரம் பகலில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே இறங்கியது.

1833-இல் அதே தத்துவத்தில் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை ஏற்றி சிட்னிக்கு அனுப்பினார். செடிகள் நலமாகப் போய்ச் சேர்ந்தன. திரும்பும்போது அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் உயிரோடு வந்தன. "வார்ட் பெட்டி" என்று பெயர் பெற்ற இந்தச் சாமான் உலக வணிகத்தையே மாற்றியது. சீனத்துத் தேயிலை இமயமலைச் சரிவுக்கு வந்தது இதில்தான். ரப்பர் கன்றுகள் 1876-இல் இலங்கைக்குப் போனதும் இதில்தான். 1860-களின் தொடக்கத்தில் நம் நீலகிரிக்குச் சிங்கோனா வந்ததும் இதே பெட்டியில்தான். ஊட்டிக்குப் போகும்போது இனி அந்தப் பெட்டியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

32 குதிரைகளும் ஒரு மரமும்

வார்டின் நண்பர் ஜார்ஜ் லாடிஜஸ். லண்டன் ஹாக்னியில் அவர் குடும்பத்துக்குப் பெரிய நர்சரி இருந்தது. நீராவிக் குழாய்களால் சூடேற்றிய உயரமான பாம் வீடு அங்கே இருந்தது. தொட்டியிலும் மரப்பெட்டியிலும் பல நாட்டுப் பாம் மரங்கள். ஊர் வளர்ந்தது, நிலத்தின் மதிப்பு ஏறியது, குத்தகை முடிந்தது. 1850-களின் தொடக்கத்தில் நர்சரியை மூட வேண்டிய நிலை. சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ நர்சரிகள் அடுக்ககமாக மாறியதை நாம் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான்.

அங்கிருந்த பாம் மரங்களை வாங்கியவர் ஜோசப் பாக்ஸ்டன். 1851-ஆம் ஆண்டுப் பெரும் கண்காட்சிக்கு லண்டனில் கண்ணாடி மாளிகை எழுப்பிய அதே ஆள். அந்த மாளிகை பிறகு சிடன்ஹாம் என்ற இடத்துக்கு மாற்றிக் கட்டப்பட்டு 1854 ஜூனில் திறக்கப்பட்டது. அதே வருடக் கோடையில் லாடிஜஸின் பெரிய விசிறிப் பாம் ஒன்றை ஹாக்னியிலிருந்து அங்கே கொண்டுபோனார்கள். மண்ணோடும் பெட்டியோடும் சேர்த்து 15 டன். வண்டியில் பூட்டியது 32 குதிரைகள். நகரத்தின் தெருக்கள் வழியாக ஒரு மரம் தேர் போல ஊர்வலம் போவதை மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். பத்திரிகைகள் படம் போட்டன. சல்லிவேர் மரம் என்பதால்தான் அது சாத்தியமானது. அந்த வயதில் ஒரு புளியமரத்தை அப்படி நகர்த்த முடியாது.

ஆனால் 1866 டிசம்பர் 30 அன்று அந்த மாளிகையின் வடபகுதியில் தீப்பிடித்தது. வெப்பமண்டலச் செடிகளை வைத்திருந்த பகுதி அதுதான். முழுவதும் எரிந்துபோனது. பெர்லினுக்குப் பக்கத்தில் மயில் தீவில் பிரஷ்ய அரசர் 1830-களில் கட்டிய அழகிய பாம் வீடும் 1880-இல் தீக்கிரையானது. இரண்டு இடத்திலும் வெளியே குளிர், உள்ளே செயற்கைச் சூடு. சூட்டைக் கட்டிவைத்தால் அதோடு ஒரு அபாயத்தையும் சேர்த்துத்தான் கட்டிவைக்கிறோம்.

கியூ: அரசாங்கமே தோட்டக்காரர்

லண்டன் கியூ தோட்டம் 1840-இல் அரச குடும்பத்திடமிருந்து அரசாங்கத்துக்கு வந்தது. 1844 முதல் 1848 வரை அங்கே பாம் மாளிகை கட்டினார்கள். வடிவமைத்தவர்கள் டெசிமஸ் பர்ட்டனும் ரிச்சர்ட் டர்னரும். டர்னர் இரும்பு வேலைக்காரர். கப்பல் கட்டும் இரும்புச் சட்டங்களையே வளைத்துக் கூரை போட்டார். நீளம் 110 மீட்டர், நடுவில் உயரம் சுமார் 19 மீட்டர். லண்டன் போனால் பிள்ளைகள் உங்களைக் கூட்டிக்கொண்டு போகும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது செடிகளை மட்டும் அல்ல, தரையையும்தான். இரும்புச் சல்லடைத் தரை. அதன் கீழே வெந்நீர்க் குழாய்கள். குழாய்களுக்கு அடித்தளத்தில் கொதிகலன்கள். அழகான மாளிகைக்குப் பக்கத்தில் புகைபோக்கி தெரியக்கூடாது என்று புகையைச் சுரங்கம் வழியாகச் சுமார் 150 மீட்டர் கொண்டுபோய், தூரத்தில் ஒரு மணிக்கூண்டு போன்ற கோபுரத்தில் விட்டார்கள். அதே சுரங்கத்தில் நிலக்கரி வண்டி உள்ளே போனது. மேலே சீமான்களும் சீமாட்டிகளும் ஓலை நிழலில் உலாவினார்கள். கீழே கரி அள்ளிப் போட்டவர்கள் இரவு பகலாக நின்றார்கள். தாழ்வான நிலமாகையால் அடித்தளத்தில் தண்ணீர் ஊறும் தொல்லை வேறு.

முதலில் எல்லா மரங்களும் தொட்டியிலும் தேக்குப் பெட்டியிலும்தான் நின்றன. 1860-இல் நடுவில் பாத்தி தோண்டிப் பெரிய மரங்களை மண்ணில் இறக்கினார்கள், அதற்குப் பிறகு அவை செழித்தன. கண்ணாடிக்கு ஆரம்பத்தில் லேசான பச்சை நிறம் கொடுத்தார்கள். வெயில் ஓலையைக் கருக்கிவிடும் என்ற பயம். லண்டன் வெயிலுக்கு இந்தப் பயமா என்று நமக்குச் சிரிப்பு வரும். நிலக்கரிப் புகை மண்டி வெளிச்சமே அரிதானபோது அந்தப் பச்சைக் கண்ணாடியைக் கைவிட்டுவிட்டார்கள்.

தொட்டியிலேயே தங்கிவிட்ட ஒரு செடி மட்டும் உலகப் புகழ் பெற்றது. 1775-இல் பிரான்சிஸ் மாசன் என்பவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. பார்க்கப் பாம் போல இருக்கும், ஆனால் சைக்கட் என்ற வேறு இனம். உலகின் மிகப் பழைய தொட்டிச் செடி என்று இதைச் சொல்கிறார்கள். 1819-இல் அது முதல்முறையாகக் காய்க்கூம்பு விட்டபோது, முதுமையில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸ் அதைப் பார்க்க வந்தார். வந்து 44 வருடம் கழித்துத்தான் ஒரு கூம்பு! நம் ஃபிக்சட் டெபாசிட் பரவாயில்லை.

கூரை உயரம்தான் ஆயுள் என்று முன்பு சொன்னேன் அல்லவா? 1840-களில் சிலி நாட்டு விதையிலிருந்து கியூவில் ஒரு பாம் வளர்த்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய உள்வீட்டுச் செடி என்று பெயர் வாங்கியது. சுமார் 170 வருடத்தில் அது கூரையைத் தொட்டுவிட்டது. 2013-இல் அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்க மூடியபோது, அவ்வளவு பெரிய மரத்தை வெளியே எடுக்கவும் வழியில்லை, மேலே வளரவும் இடமில்லை. வெட்டிவிட்டார்கள். அதன் தாய்நாட்டில் அதே வயது மரங்கள் வெட்டவெளியில் நின்றுகொண்டிருக்கும்.

மூன்றாவது வழி: சரியான மரத்தைத் தேர்ந்தெடுப்பது

மாளிகைக்கு அரசாங்கம் கரி போடலாம். நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டன் வரவேற்பறை என்பது செடிக்கு நரகம். கனத்த திரை, மங்கிய வெளிச்சம், எரிவாயு விளக்கின் நச்சுப்புகை, இரவில் அடுப்பு அணைந்ததும் குளிர். தென்னங்கன்று அங்கே ஒரு குளிர்காலத்தைத் தாண்டாது. இன்றும் ஐரோப்பியக் கடைகளில் முளைவிட்ட தேங்காயோடு தென்னங்கன்று விற்கிறார்கள். பெரும்பாலும் தேங்காயில் உள்ள சத்து தீரும்வரைதான் அதன் வாழ்வு.

அந்த நரகத்தைத் தாங்க ஒரு பாம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, சிட்னியிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர் தூரத்தில், லார்ட் ஹோவ் என்று ஒரு தீவு. நீளம் 11 கிலோமீட்டர். பரப்பு 15 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இரண்டு பாம் வகைகள் அங்கே உண்டு. 1870-இல் ஃபெர்டினாண்ட் வான் முல்லர் அவற்றுக்கு "கென்ஷியா" என்று பெயரிட்டார். பிறகு அறிவியல் பெயர் "ஹோவியா" என்று மாறினாலும் வியாபாரப் பெயர் மாறவில்லை.

கென்ஷியா ஏன் தாங்கியது? இளம் செடி காட்டில் பெரிய மரங்களின் நிழலில்தான் வளர்கிறது. ஆகவே மங்கிய அறை அதற்குப் புதிதல்ல. தீவு மிதவெப்பப் பகுதியில் இருப்பதால் கொளுத்தும் சூடு கேட்காது. மெதுவாக வளரும், அதனால் கூரையைத் தொட வருடங்கள் ஆகும். அரசர் மரத்தை நகர்த்தினார், அரசாங்கம் வெயிலைக் கட்டியது, நடுத்தர வர்க்கம் தன் வீட்டுக்கு ஏற்ற மரத்தைத் தேடிக்கொண்டது. பிறகு ஓட்டல்களில் "பாம் கோர்ட்" என்று தேநீர்க் கூடங்கள் வந்தன. 1906-இல் திறந்த லண்டன் ரிட்ஸ் ஓட்டலில் அப்படி ஒன்று இன்றும் இருக்கிறது.

தீவுக்காரர்களின் கணக்கு

இனி லெட்ஜரின் மறுபக்கம். 1834 முதல் அந்தத் தீவில் மக்கள் குடியேறினார்கள். வழியில் வரும் திமிங்கிலக் கப்பல்களுக்கு இறைச்சி, காய்கறி, தண்ணீர் விற்பதுதான் பிழைப்பு. 1870-களில் திமிங்கில வேட்டை நொடித்தது, கப்பல் வருவது நின்றது. சில டஜன் குடும்பங்கள் நடுக்கடலில் வருமானம் இல்லாமல் நின்றன. அப்போது அவர்களைக் காப்பாற்றியது அந்தப் பாம் விதை. ஐரோப்பிய நர்சரிகளுக்கு மூட்டை மூட்டையாக விதை போனது.

விதை பறித்த விதம் நமக்குத் தெரிந்ததுதான். நம் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநார் போல ஒரு பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு வழவழப்பான மரத்தில் ஏறினார்கள். எங்கோ ஒரு பெருங்கடல் தீவில், வேறு இனம், வேறு மொழி, அதே உத்தி.

யாருக்கு எவ்வளவு என்ற சண்டை அங்கேயும் வந்தது. 1913-இல் தீவை நிர்வகிக்க ஒரு வாரியம் அமைத்து, விதை வியாபாரத்தையும் அதன் கையில் கொடுத்தார்கள். வருமானத்தில் தீவுவாசிகளுக்குப் பங்கு உண்டு. நம் சங்கப் பொதுக்குழுவில் நடக்கும் விவாதங்களை நினைத்தால் அந்த வாரியக் கூட்டங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்!

1918 ஜூனில் மகாம்போ என்ற கப்பல் அந்தத் தீவின் கரையில் தரைதட்டியது. பழுது பார்த்துக் கிளம்பிப் போய்விட்டது. ஆனால் அதிலிருந்த கருப்பு எலிகள் இறங்கிவிட்டன. எலியையே அறியாத தீவு அது. சில வருடங்களுக்குள் அங்கே மட்டுமே இருந்த ஐந்து பறவை வகைகள் அழிந்தன. எலிகள் பாம் விதைகளையும் தின்றன. எலி வாலுக்கு இத்தனை காசு என்று பரிசு அறிவித்தார்கள். வெளியிலிருந்து ஆந்தை கொண்டுவந்து விட்டார்கள். எலி போகவில்லை. நூறு வருடம் கழித்து, 2019-இல்தான் தீவு முழுவதும் எலி ஒழிப்பு நடத்த முடிந்தது. கென்ஷியா தொழில் எப்படியோ பிழைத்துக்கொண்டது. தீவு 1982 முதல் உலகப் பாரம்பரிய இடம்.

விஞ்ஞானத்துக்கும் அந்தத் தீவு ஒன்று கொடுத்தது. ஒரே இடத்தில் வாழ்ந்துகொண்டே ஒரு இனம் இரண்டாகப் பிரியுமா என்பது பழைய விவாதம். அந்த இரண்டு கென்ஷியாக்களும் பூப்பது வெவ்வேறு காலத்தில், விரும்பும் மண்ணும் வேறு. மலையோ கடலோ நடுவில் இல்லாமலே அவை பிரிந்தன என்பதற்குச் சான்றாக 2006-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது.

போர்க்காலத்தில் ஒரு பசுங்குடில்

கடைசியாக ஒன்று. ரஷ்யாவின் லெனின்கிராட், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அந்த ஊரின் குளிர் உங்களுக்குத் தெரியும். அங்கேயும் பல தலைமுறையாகப் பாம் வளர்த்த தாவரத் தோட்டம் இருந்தது. 1941-இல் ஜெர்மன் படை ஊரை முற்றுகையிட்டது. குண்டுவீச்சில் பசுங்குடில்களின் கண்ணாடி நொறுங்கியது. விறகு இல்லை, மின்சாரம் இல்லை, ரொட்டியே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் வெப்பமண்டலச் செடிகளில் பெரும்பகுதி உறைந்து செத்தது.

ஆனால் எல்லாம் சாகவில்லை. ஊழியர்கள் காப்பாற்ற முடிந்ததைச் சிறிய குடில்களுக்கு மாற்றி அடுப்பு மூட்டினார்கள். சிலர் கள்ளிச் செடிகளைத் தங்கள் வீட்டுக்கே எடுத்துப்போய், தாங்களே பட்டினி கிடக்கும் அறையில் ஜன்னலோரம் வைத்து வளர்த்தார்கள். போர் முடிந்ததும் தோட்டத்தின் சேகரிப்பு மறுபடி எழுந்தபோது, அவர்கள் காப்பாற்றியதும் அதில் இருந்தது. அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நமக்கு இந்த விஷயம் தனியாக உறைக்கும். ஒரு நாட்டின் சொத்தைக் காப்பாற்றியவை சில குடும்பங்களின் ஜன்னல் திண்டுகள்.

இதையெல்லாம் படித்தபின் எனக்குத் தோன்றியது இதுதான். தொட்டி மரம் என்பது வாங்கும் விலையோடு முடியும் சாமான் அல்ல. தன் ஊரை விட்டு வந்த மரத்துக்கு, அந்த ஊர் தந்ததையெல்லாம் யாரோ ஒருவர் தினமும் தர வேண்டும். தருபவர் ஓர் இரவு மறந்தால் ஒன்றே ஒன்றான குருத்து போய்விடும். வரவுப் பக்கத்தில் அழகு, செலவுப் பக்கத்தில் ஒருவருடைய கவனம். வெர்சாயின் பெட்டி தள்ளியவர்களும், கியூவின் கரி அள்ளியவர்களும், லார்ட் ஹோவின் மரமேறியவர்களும் அந்தச் செலவுப் பக்கத்தில் இருந்தவர்கள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

நம்மில் பலர் ஆறு மாதம் அங்கே போய்த் தங்குகிறோம். பேரப்பிள்ளையோடு அந்தத் தொட்டியும் நம் பொறுப்பில் வரும். ஆகவே சில குறிப்புகள்.

புதிதாக வாங்குவதானால் வீட்டுக்குள்ளே வைக்கக் கென்ஷியா, அல்லது மெக்சிகோ, குவாத்தமாலா காட்டு நிழலில் வளரும் சிறிய "பார்லர் பாம்". வெளியே பால்கனியிலேயே வைக்கச் சீனத்து விசிறிப் பாம். ராபர்ட் ஃபார்ச்சூன் 1849-இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. பனியையும் தாங்கும். தென்னை வேண்டாம், பாசம் புரிகிறது, ஆனாலும் வேண்டாம்.

குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் அழுகும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது.

ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஓலை நுனி காய்வதற்கு முக்கியக் காரணம் அந்த வறண்ட சூடு. கதவு திறக்கும்போது குளிர்காற்று அடிக்கும் இடமும் ஆகாது. கென்ஷியாவுக்கு அறைச் சூடு 10 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது.

கோடையில் வெளியே வைத்தால் முதல் சில நாள் நிழலிலேயே வையுங்கள். நேராக வெயிலில் வைத்தால் ஓலை வெளுத்துப்போகும். பெரிய தொட்டிக்கு அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், பாம் வேர் கொஞ்சம் நெருக்கத்தையே விரும்பும். ஈரத்துணியால் ஓலையின் தூசியைத் துடைக்கலாம். என்ன செய்தாலும் நடுக்குருத்தில் மட்டும் கத்தரியை வைக்காதீர்கள்.

ஊர் திரும்பும் முன் தொட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டு வாருங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். நம் சங்கத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.